இயன்முறை மருத்துவமும் நோய்த் தடுப்பும்

நம் நாட்டில் இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி, ஒரு கொள்ளை நோயின் காரணமாகவே வேரூன்றியது. 1952-ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவிக் குழந்தைகள் பலர் கைகால் வலுவிழந்தனர். அதனை அடுத்து, 1953-ல் அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன், இத்துறைக்கான முதற்பள்ளி துவக்கப்பெற்றது. 1955-ல் இத்தொழிலினருக்கென அகில இந்தியச் சங்கம் ஒன்றும் அமைந்தது. சூம்பிய கால்களுக்குப் பயிற்சி அளிப்பதும், இரும்புத் தாங்கிகளைப் பூட்டி நடக்கக் கற்பிப்பதும் அந்நாளைய நிபுணர்களின் தலையாய பணிகளாக விளங்கின.

ஆயினும், இளம்பிள்ளைவாதம் ஒழிந்தது பயிற்சிக் கூடங்களினால் அன்று. நாடெங்கும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கப்பட்டது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்ட நோயாளியே இறுதியானவர். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அந்நோயினின்று விடுபட்ட நாடெனச் சான்று பெற்றது. நோயுற்ற கால்களைப் பல்லாண்டுகள் பேணியவர்களால் முடிக்க இயலாததை, நோய் வருமுன் அளித்த இரண்டு துளி மருந்து முடித்து வைத்தது. இதனால் அவர்தம் தொண்டு சிறுமையுறாது. ஆனால் இதில் அடங்கிய பாடத்தை அத்தொழில் முற்றிலும் கற்றுக்கொண்டதா என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்காலத்து நோய்கள் வேறு வகையின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வின்படி, நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி, நீரிழிவின் வாயிலில் நிற்போர் 13.6 கோடி, உயர் இரத்த அழுத்தம் உடையோர் 31.5 கோடி. இவற்றுக்குச் சொட்டு மருந்து இல்லை. 2024-ல் வெளியான மற்றோர் ஆய்வு, வயதுவந்த இந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இன்றி இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமே இக்குறை மிகுதி.

உடலியக்கம் நோயைத் தடுக்கும் என்பது வெறும் உபதேசம் அன்று. சென்னையில் நடத்தப்பெற்று 2006-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை ஏற்புத்திறன் குன்றிய 531 பேர் மூன்றாண்டுகள் போலக் கவனிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் 55 சதவிகிதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவுமுறையைச் சீர்செய்து, நடைபோன்ற பயிற்சியையும் மேற்கொள்ளுமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்ட பிரிவில் அவ்விகிதம் 39.3 ஆகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை பெற்ற பிரிவின் விகிதமோ 40.5. அதாவது, முறையான வாழ்க்கைப் பயிற்சி மாத்திரைக்கு நிகரான பயனை அளித்தது.

அங்ஙனமாயின், இப்பயிற்சியை மக்களுக்குக் கற்பிக்கத் தக்கவர் யார்? கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் மருத்துவர் ஒருவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. 'நாள்தோறும் நடந்து வாருங்கள்' என்று அவர் கூறுகிறார். முழங்கால் வலியால் வருந்தும் அம்மையார் எவ்வாறு நடப்பது? எவ்வளவு தூரம்? வலி எழுந்தால் நிறுத்துவதா, தொடர்வதா? விடை அறியாமல் நான்கு நாள் நடந்து, ஐந்தாம் நாள் கைவிடுகிறார். அதே அம்மையார் இயன்முறை மருத்துவரிடம் பத்து நாள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் செல்கிறார். மருத்துவத் துறையில் நோயாளியுடன் இத்துணை நேரம் உரையாடும் வாய்ப்புப் பெற்றவர் மிகச் சிலரே. அந்நேரம் முழுவதும் வெப்ப விளக்கிலும் மின்சாரக் கருவியிலும் கழிந்துவிடுமானால், அரியதோர் வாய்ப்பு வீணாகிறது.

ஓர் உதாரணம் கூறலாம். தோள்மூட்டு இறுகிக் கையைத் தூக்க இயலாத நிலை, மற்றவரைக் காட்டிலும் நீரிழிவு உடையோரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. இறுகிய தோளுடன் வருபவரிடம், 'இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தீர்களா?' என்று கேட்பதற்கு எவ்விதக் கருவியும் வேண்டியதில்லை. அவ்வொரு கேள்வியால், அதுவரை தன் நோயை அறியாத ஒருவர் கண்ணையும் சிறுநீரகத்தையும் காத்துக்கொள்ளக் கூடும். அவ்வாறே, பயிற்சி தொடங்குமுன் இரத்த அழுத்தத்தை அளப்பது பாதுகாப்புக்கும் உகந்தது, மறைந்துள்ள நோயையும் காட்டும். புகையிலைப் பழக்கம் உண்டா என வினவுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

முதியோர் தடுமாறி விழுவது இன்னொரு துறையாகும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையுற்ற பின்னரே பெரும்பாலான குடும்பங்கள் இயன்முறை மருத்துவரைத் தேடுகின்றன. ஆனால் பல நாடுகளில் நடைபெற்ற நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2019-ல் வெளியான மதிப்பாய்வு, தக்க பயிற்சிகள் வீட்டில் வாழும் முதியோர் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 சதவிகிதம் குறைப்பதாகக் காட்டியது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்றல், குதிகாலும் விரலும் பொருந்த அடியெடுத்து வைத்தல் ஆகியன இத்தகைய பயிற்சிகள். இவற்றிற்குச் செலவு ஏதுமில்லை. முதலில் சில நாள் அருகிருந்து கற்பிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இதற்கு மறுப்புகளும் உண்டு. பக்கவாதத்தால் வீழ்ந்தவர்க்கே சிகிச்சையளிக்கப் போதிய ஆட்கள் இல்லாதபோது, நோயற்றவரை நாடிச் செல்வது எங்ஙனம் என்பர் சிலர். இது நேர்மையான கேள்வி. எனினும், மேற்கூறியவற்றுள் பல, ஏற்கெனவே வாயிலில் வந்து நிற்போருக்குச் செய்யத்தக்கவை. மேலும், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது பக்கவாதத்தைக் குறைக்கும். ஆகவே இன்றைய தடுப்புப் பணி நாளைய சிகிச்சைச் சுமையையும் இலேசாக்கும். மற்றொரு மறுப்பு இன்னும் ஆழமானது: நடப்பதற்குப் பாதையும், பெண்களுக்கு ஓய்வு நேரமும் இல்லாத இடத்தில் பயிற்சியைப் போதிப்பதால் யாது பயன்? உண்மைதான். நடைபாதை அமைப்பது நகரசபையின் கடமை; அதற்கு இயன்முறை மருத்துவர் ஈடாக மாட்டார். ஆனால் ஒருவருடைய வீடும் வேலையும் எத்தகையன என விசாரித்து, அவற்றிற்கு இயைந்த பயிற்சியைத் தெரிந்து கொடுப்பதே அவரது கலை. அதனைச் செய்யாமல், 'சொன்னபடி நடக்கவில்லை' என நோயாளியைக் கடிவது தகாது.

சட்டத்தின் துணையும் இல்லாமலில்லை. 2021-ல் இயற்றப்பட்ட துணைநிலை மருத்துவத் தொழிலினர் தேசிய ஆணையச் சட்டம், இயன்முறை மருத்துவரின் பணிகளுள் நோய்த் தடுப்பையும் சுகாதார மேம்பாட்டையும் சேர்த்தே வரையறுத்துள்ளது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இச்சேவையை இல்லங்களுக்கே கொண்டு சென்றது. கதவைத் தாண்டிச் செல்வது இயலாத காரியம் அன்று என்பதற்கு இதுவே சான்று.

இனி வேண்டுவன மூன்று. முதலாவதாக, மாணவர் பயிற்சியின் ஒரு பகுதி மருத்துவமனைக்கு வெளியே, கிராமத்திலும் தொழிற்சாலையிலும் நடைபெற வேண்டும். இரண்டாவதாக, இரத்த அழுத்தமும் புகையிலைப் பழக்கமும் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பேட்டிலும் பதிவாதல் வேண்டும். மூன்றாவதாக, எத்தனை முறை மின்சிகிச்சை அளிக்கப்பட்டது என எண்ணுவதோடு நில்லாமல், எத்தனை பேர் ஆறு மாதத்திற்குப் பின்னும் பயிற்சியைத் தொடர்கின்றனர் என்பதையும் கணக்கிட வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதையே தொழில் பேணும்.

இளம்பிள்ளைவாதத்தால் சூம்பிய கால்களைத் தொட்டு வளர்ந்த துறை இது. தடுத்திருக்கக் கூடிய நோயின் விலை என்ன என்பதை அதைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அவ்வறிவைப் பயிற்சிக் கூடத்துள் பூட்டி வைக்காமல் மக்களிடம் கொண்டு செல்வது அதன் கடமையாகும்.