திரைவழிப் பயிற்சியும் நம் காவல் நிலையங்களும்

பொருநையாற்றின் தென்கரையிலே கல்லிடைக்குறிச்சி என்னும் ஊர் உளது. அப்பளத்தாலும் அக்கிரகாரத்தாலும் பேர்பெற்ற அவ்வூர் அண்மைக்காலத்தில் வேறொரு காரணம்பற்றியும் பேசப்படலாயிற்று. அங்குள்ள குலசேகரமுடையார் கோயிலினின்று 1982-ஆம் ஆண்டில் நடராசப் பெருமானது உலோகத் திருமேனி களவு போயிற்று. சிவகாமியம்மை, மாணிக்கவாசகர், சீபலி நாயகர் ஆகியோர் திருமேனிகளும் உடன் போயின. காவலர் தேடினர்; கண்டிலர். 1984-இல், துப்புத் துலங்கவில்லையென எழுதி வழக்கை முடித்தனர். திருமேனியோ கடல்கடந்து சென்று, 2001-இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தாரால் விலைக்கு வாங்கப்பெற்று, அங்கேயே பதினெட்டாண்டு இருந்தது. 2019 செப்டம்பரிற்றான் மீண்டும் ஊர் வந்து சேர்ந்தது.

அது மீண்ட வரலாறு சிந்திக்கத்தக்கது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் நம் கோயிற் படிமங்களை நெடுங்காலமாகப் புகைப்படம் எடுத்துச் சேமித்து வைத்துள்ளனர். கல்லிடைக்குறிச்சி நடராசரை 1958-இலேயே படம் பிடித்திருந்தனர். அப்படத்தை அடிலெய்டில் இருந்த திருமேனியோடு ஒத்துநோக்கியபோது ஐயம் நீங்கிற்று. எம் நெஞ்சை உறுத்துவது யாதெனின், களவு நிகழ்ந்தபோது அப்புகைப்படத்திற்கு வயது இருபத்துநான்கு என்பதே. அத்தகைய படங்கள் உள, அவற்றை இன்னவிடத்தில் வினவுக என்று சிற்றூர்க் காவல் நிலையத்து ஏட்டுக்குக் கற்பித்தார் யாவர்? அவரைக் குறைகூறுதல் எளிது, நீதியன்று. வழக்கு ஓரூரில், அறிவு மற்றோரூரில் இருந்தன.

இக்குறையை நீக்கவல்ல கருவி இப்பொழுது கைக்கெட்டியுள்ளது. நேரலைத் திரைவழிப் பயிற்சி என்று அதனைச் சொல்லுவர். ஆசிரியர் சென்னையிலோ போபாலிலோ அமர்ந்து பேச, காவலரும் வழக்கறிஞரும் மாஜிஸ்திரேட்டும் தத்தம் இடத்திலிருந்தே அந்நேரத்திலேயே கேட்டு, ஐயம் வினவி, விடைபெறும் முறை இது. முன்னரே பதிவுசெய்து வைத்த பாடத்தை ஓய்ந்தபொழுது பார்த்துக்கொள்வது வேறு. அதனை இதனோடு மயங்குதல் கூடாது.

இதன் தேவை 2024 ஜூலை 1-ஆம் நாளுக்குப்பின் பன்மடங்காயிற்று. அன்றுமுதல் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் விலக்கப்பெற்று, மூன்று புதுச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பெயர் மட்டும் மாறியதன்று. சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றுங்கால் அதனை ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்தல் வேண்டும். கைப்பேசியே போதும் என்கின்றது சட்டம். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழிடம் வந்து பார்த்தல் வேண்டும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொணருங்கால் உரிய சான்றிதழும் உடன் இருத்தல் வேண்டும். இருபத்தைந்தாண்டு பழஞ்சட்டத்திலே கை தோய்ந்த ஓர் ஏட்டு, இரவில் ஒரு வீட்டைச் சோதிக்கச் செல்லுமுன் இவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? பதிவிலே பிழை நேரின் குற்றவாளி தப்புதலும் கூடும். குற்றமற்றவன் சிக்குதலும் கூடும். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியிலுள்ள போலீஸ் அகாடமிக்கு அவரை ஒரு வாரம் அனுப்பலாமெனின், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் அவர் செல்லல் வேண்டும். அவ்வாரம் முழுதும் நிலையத்தில் ஓராள் குறையும். ஆதலின் திரைவழிப் பயிற்சியை யாம் முழுமனத்தோடு வரவேற்கின்றோம்.

ஆயினும் வரவேற்பதோடு அமைதல் எம்மால் இயலாது. பெருந்தொற்று நிலவிய 2020-ஆம் ஆண்டில் மாணவராயினார் அனைவரும் இத்தகைய வகுப்பின் சுவையை நன்கு துய்த்தவரே. ஆசிரியர் இல்லத்திலிருந்து இலக்கணம் நடத்துவார். முப்பது கரிய சதுரங்கள் அவர்க்கு எதிரே நிற்கும். "கேட்கின்றதா?" என்று அவர் மும்முறை வினவுவார். கேட்டுக்கொண்டிருந்தவர் இருவர், ஏனையோர் பெயரளவில் வருகை தந்து ஒலியை அடைத்துவிட்டுத் தோட்டத்திலோ துயிலிலோ இருந்தனர். எம்மையும் அவ்வேனையோருள் சேர்த்தே எண்ணிக்கொள்க. எமக்கு இழப்பு சில மதிப்பெண்களே. காவலர் அவ்வாறு கற்பாராயின், இழப்பு பிறர்க்கு நேரும்.

அவர்க்கு இடையூறு எம்மினும் மிகுதி. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் மக்கள் வெள்ளம் திரளுங்கால், பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர் சட்டைப்பையிலே கைப்பேசி வகுப்பு நடத்திக்கொண்டிருப்பின் அதற்குப் பயிற்சி என்று பெயரிடலாமோ? பயிற்சி நேரம் பணிநேரமாகவே கணக்கிடப்பட்டு, அந்நேரத்தில் வேறு பணி இடாதிருத்தல் வேண்டும். பாடம் தமிழிலே நிகழ்தல் வேண்டும். இருபதின்மர்க்கு மேற்படாத குழுவாக அமைத்து, ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் வாய்திறந்து விடைசொல்லுமாறு செய்தல் வேண்டும். ஆயிரவரை ஒருங்கே அமர்த்திப் பயிற்சி பெற்றோர் தொகை இத்துணை என்று அறிக்கை எழுதுதல் எளிது. அத்தொகையை யாம் நம்புவதற்கில்லை.

இனி, சொல்லத் தயங்குவதொன்றைச் சொல்லல் வேண்டும். 2023 மார்ச்சு மாதத்தில் அம்பாசமுத்திரம் காவல் உட்கோட்டத்தில், விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்டோர் சிலர் தம் பற்கள் பிடுங்கப்பட்டனவென முறையிட்டனர். அவ்வுட்கோட்டத்துள்ளதே கல்லிடைக்குறிச்சியும். அரசாங்கம் உயர்நிலை விசாரணைக்கு ஆணையிட்டது, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றம் உரைக்கவேண்டியது, யாம் உரைப்பதற்கில்லை. ஆனால் கைதியைத் துன்புறுத்தலாகாது என்பதை அறியாத காவலர் எவரும் இலர் என்பது திண்ணம். 1996-ஆம் ஆண்டின் டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பு, கைதுசெய்யப்பட்டோனின் உறவினர்க்குச் செய்தி அறிவித்தலையும், நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தலையும் விதித்துள்ளது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒலியோடு கூடிய காமிராக்கள் வைக்க ஆணையிட்டது. நம் மாகாணத்துப் போலீஸ் துறையின் பிறப்பே இவ்விஷயத்தோடு தொடர்புற்றது. கிட்டி என்னும் கோல்களால் விரல்களை நெரித்தல் முதலிய கொடுமைகளை ஆராய்ந்த சென்னைச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் பிறந்தது. ஆகவே அறியாமையால் நிகழ்வதன்று இது. அறிந்ததைப் பிறர் காணார் என்னுந் துணிவால் நிகழ்வது.

இதற்குத் திரைவழிப் பயிற்சி யாது செய்யும்? காவலரை மட்டும் அமர்த்தி உரை நிகழ்த்தின் ஒன்றும் செய்யாது என்பதே எம் கருத்து. ஒரு வழக்கிலே கைவைப்போர் பலர். காவலர் கைதுசெய்கின்றனர், அரசு மருத்துவர் உடல்நலச் சான்று எழுதுகின்றார், மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்கின்றார், சிறையதிகாரி ஏற்றுக்கொள்கின்றார். இவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கழகம், தனித்தனிப் பாடம். மாஜிஸ்திரேட்டுக்கு நீதித்துறை அகாடமி. காவலர்க்குப் போலீஸ் அகாடமி. ஒருவர் கற்றது மற்றவர் அறியார். இந்நால்வரையும் ஓரூரில் ஒரு நாள் கூட்டுதல் அரிது. ஒரு திரையிலே இரண்டு மணி நேரம் கூட்டுதல் அரிதன்று. கைதியொருவன் வாய்திறந்து பேசாது தலையசைத்து மட்டும் விடைசொல்லின் மருத்துவர் யாது வினவல் வேண்டும், மாஜிஸ்திரேட் யாது வினவல் வேண்டும் என்பதை அந்நால்வரும் ஒருவர்முன் ஒருவர் எடுத்துரைக்கட்டும். பிறர் காண்பர் என்னும் உணர்வு அங்கே தோன்றும்.

திரைக்கு எல்லையுண்டு என்பதைப் புதுச்சட்டமே ஒப்புக்கொள்கின்றது. ஒருவனைப் போலீஸ் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முதன்முறை ஆணையிடுங்கால், அவனை நேரிலேயே முன்னிறுத்தல் வேண்டும் என்பது விதி; நீதிமன்றக் காவலின் பின்னை நீட்டிப்புக்கே திரை போதும். கண்ணெதிரே நிற்பவன் வாயைக் காண்பதற்குத் திரை ஈடாகாது.

பாடத்திற்குப் பொருள் எங்கே தேடுவது என்பார்க்கு எம் விண்ணப்பம் ஒன்றுண்டு. அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளை மொழிபெயர்த்து ஓதாது, தத்தம் ஊர் வழக்குகளினின்றே தொடங்குக. கல்லிடைக்குறிச்சியார்க்கு 1984-இல் முடிக்கப்பெற்ற அக்கட்டையே எடுத்துத் திரைமுன் விரிக்கலாம். புதுச்சேரியினின்று படக்காப்பாளர் ஒருவரும், அருங்காட்சியக அறிஞர் ஒருவரும், சிலை தடுப்புப் பிரிவினர் ஒருவரும் அமர்ந்து, அன்று எவ்விடத்தில் வினவியிருக்கலாம் என்பதை நிலையத்து ஏட்டோடு உரையாடுக. 2019-இல் நடராசர் திரும்பியபோது உடன் களவுபோன மூவரும் திரும்பிற்றிலர். முதல் வகுப்பை அம்மூவரிடமிருந்தே தொடங்கலாம்.