பாட்டன் பெயருக்கு அப்பால்

'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகளின் பேனா தாத்தாவோடு நின்றுவிடுகிறது. தாத்தாவின் தகப்பனார் பெயர் பலருக்குத் தெரியாது. அவருடைய மனைவியின் பெயரோ வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. நிலமும் பத்திரமும் உள்ளவர் வீட்டில் ஏழு தலைமுறை சொல்வார்கள். நம் சேரியில் மூன்றுக்கு மேல் போவதில்லை. மறதி அல்ல இதற்குக் காரணம். நம் முன்னோரை எழுதி வைக்க வேண்டும் என்று ஊர் நினைத்ததில்லை.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பண்டிதர் அயோத்திதாசரே சாட்சி. தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர் என்றும், வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் வழியாக எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்தவர் என்றும் அவர் பதிவு செய்தார். பேரன் எழுதாமல் போயிருந்தால் கந்தப்பன் வெறும் பட்லராகவே மறைந்திருப்பார். அவர் வீட்டில் சுவடி இருந்தது, படிப்பு இருந்தது என்பதும் தெரியாமலே போயிருக்கும்.

அந்தப் பேரனையே நாடு மறந்தது. 1907 முதல் 1914இல் மறையும் வரை 'தமிழன்' இதழை நடத்தியவர் அவர். அவருடைய எழுத்துகள் ஞான அலாய்சியஸ் தொகுத்த நூல்களாகப் பரவலாகக் கைக்குக் கிடைத்தது 1999இல்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் கரையானுக்குக் கொடுக்காமல் காத்து வைத்திருந்தார்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதத்தின் மதிப்பு இதுதான்.

நம் முன்னோரைத் தேட இடமே இல்லையா? இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அப்படி வந்த நிலம். அந்த ஒப்படைப்பு உங்கள் ஊரில் நடந்திருந்தால், பெற்றவர் பெயர் பழைய 'அ' பதிவேட்டில் இருக்கக்கூடும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் பார்க்கலாம். 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். சரக்கை எண்ணுவதுபோல எண்ணினார்கள். அந்தக் கணக்கில்தான் இன்று பல குடும்பங்கள் தங்கள் வேரைக் கண்டுபிடிக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, தேடப் போகிறவர்கள் அரசனைத் தேடிப் போக வேண்டாம். 'ஆண்ட பரம்பரை' என்று சொல்லிக்கொள்ளும் போட்டி இன்று எல்லாச் சாதியிலும் நடக்கிறது. நாமும் ஒரு கிரீடத்தைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டால், கிரீடம் இல்லாதவன் தாழ்ந்தவன் என்ற அவர்களின் கணக்கை நாமே ஒப்புக்கொண்டதாகும். சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று முதலில் மறுத்தவர், அரிக்கேன் விளக்கில் இரவுப் பள்ளி நடத்தியவர், தோளில் துண்டு போட்டு ஊர்த்தெருவில் நடந்தவர், கோலார் சுரங்கத்தில் உழைத்துத் தங்கைகளைக் கரையேற்றியவர், தாய்மார்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்த கிழவி: நமக்குப் பெரிய மனிதர்கள் இவர்கள்தான்.

இரண்டாவது, பதிவேடுகள் பெண்களை விழுங்கியவை. மகனுக்குத் தகப்பன் பெயர் இருக்கும், தாய் பெயர் இருக்காது. ஆகவே முதல் கேள்வியைப் பாட்டியிடம் கேளுங்கள். அவருடைய அம்மா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார், நடவில் என்ன பாட்டுப் பாடுவார் என்று கேளுங்கள். ஆண்டு தெரியாது என்பார்கள். எந்தப் புயலுக்கு முன், எந்தப் பஞ்சத்துக்குப் பின் என்று கேட்டால் சொல்வார்கள்.

பதிவேட்டில் மண்ணாங்கட்டி, அமாவாசை, குப்பன் என்று பெயர்களைக் காண்பீர்கள். சிரிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நல்ல பெயர் வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லாதிருந்த காலத்தின் அடையாளம் அது. அந்தப் பெயரோடு வாழ்ந்தவர் உழைத்துத்தான் நாம் இங்கே படித்துக்கொண்டிருக்கிறோம்.

மாணவர்களே, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். சொன்னவர் பெயர், தேதி இரண்டையும் குறியுங்கள். ஆவணத்தோடு ஒத்துப் போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். நம் வரலாற்றில் பொய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், உண்மை பத்தையும் சேர்த்து மறுப்பார்கள்.

இதைத் தள்ளிப்போட முடியாது. பதிவேடு அடுத்த ஆண்டும் அலுவலகத்தில் இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக்காரர் இருப்பாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.