லேப்டாப்பில் பாஸ், ரிஸ்க்-ஃபைவில் ஃபெயில்: ‘திண்டுக்கல்’ என்ற ஒரு சொல் போதும்!

இன்டெல் லேப்டாப்பில் எல்லா டெஸ்ட்டும் பச்சை. அதே கோடு ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் ஓடும்போது மட்டும் ஒரு வார்னிங்: ‘இந்த ஒப்பீடு எப்போதும் பொய்’. கூடவே தமிழ் எழுத்து வரும் டெஸ்ட் ஒன்று ஃபெயில். பல டீம்களில் முதல் ரியாக்‌ஷன், “அந்த பிளாட்ஃபார்ம் யார் யூஸ் பண்றா, ஸ்கிப் பண்ணிடு” என்பதுதான்.

இனி அப்படி விட முடியாது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’, சி-டாக்கின் ‘வேகா’ இரண்டுமே ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர்கள். இவற்றை வளர்க்க மத்திய அரசு 2022 ஏப்ரலில் ‘டிர்-வி’ திட்டத்தை அறிவித்தது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவை அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் அதன் முதல் ஸ்டேபிள் பதிப்பு.

சரி, அந்த வார்னிங் ஏன் வருது?

சி மொழியில் எழுத்தைச் சேமிக்க ‘சார்’ என்று ஒரு டைப் உண்டு (நம்ம ஊர் ‘சார்’ இல்லை, கேரக்டரின் சுருக்கம்). அதில் மைனஸ் எண் வரலாமா என்பதை சி மொழி தீர்மானிக்கவில்லை, பிளாட்ஃபார்மிடம் விட்டுவிட்டது. இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் அது -128 முதல் 127 வரை. ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்ம் லினக்ஸிலும் 0 முதல் 255 வரை.

‘திண்டுக்கல்’ என்ற சொல் யுடிஎஃப்-8 முறையில் 33 பைட். ஒவ்வொன்றும் 127-ஐத் தாண்டியது. முதல் பைட் 224. இன்டெலில் அதை ‘சார்’ ஆகப் படித்தால் -32. இதைப் பார்த்துப் பழகியவர், ‘பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் ஆங்கிலம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுவார். லேப்டாப்பில் கச்சிதமா ஓடும். ரிஸ்க்-ஃபைவில் மைனஸே கிடையாதே! அந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. தமிழ் முழுக்க ஆங்கிலக் கணக்கில் போய்விடும். வார்னிங் சொன்னது அப்பட்டமான உண்மை. தப்பு சிப்பில் இல்லை, கோடில்.

இதைக் கண்டுபிடிக்க புது போர்டு வாங்கத் தேவையில்லை. ஜிசிசி கம்பைலரில் ‘சார்’ டைப்பை மைனஸ் இல்லாததாக மாற்றும் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு லேப்டாப்பிலேயே அதே டெஸ்ட் ஃபெயில் ஆனால், காரணம் கிடைச்சாச்சு. கோடில் ‘அன்சைன்ட் சார்’ என்று வெளிப்படையாக எழுதி, 127-க்கு மேலா என்று கேட்டால் இரண்டு பக்கமும் சரியாகும்.

ஆப்ஷன் மாற்றியும் லேப்டாப்பில் பிரச்சினை வரலையா? அப்போ வேற சந்தேகங்கள். 32-பிட் மெஷினில் மட்டும் வந்தால் எண்ணின் அளவு. ஐபிஎம் மெயின்ஃபிரேமில் மட்டும் வந்தால் பைட்களின் வரிசை. அங்கே அது தலைகீழ்.

எல்லா ஃபெயிலும் கோடின் குற்றமும் இல்லை. க்யூமு போன்ற எமுலேட்டர் நிஜ சிப்பைவிட ரொம்ப மெதுவா ஓடும். டைம்அவுட் மட்டும் வந்தால், நேர வரம்பைக் கூட்டி இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை.