எலிக்கும் தீட்டு

மாதவிலக்கு என்ற சொல்லை யோசிக்காமலேயே சொல்லிவிடுகிறோம். விலக்கு. மூன்று நாள் தள்ளி உட்கார், அடுப்படிக்கு வராதே, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே. இதெல்லாம் பாட்டி காலத்து மூடத்தனம் என்று சிரிக்கிற படித்தவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நரம்பியல் ஆய்வுக்கூடமும் இதே விலக்கைத்தான் கடைப்பிடித்தது, எலி விஷயத்தில்கூட.

மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றோடு பெரும்பாலும் வேதிப்பொருள்கள் வழியாகத்தான் பேசுகிறது. டோபமைன், செரடோனின், காபா போன்றவை அவை. பாடநூல்கள் நரம்புணர்வு கடத்திகள் என்கின்றன. தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, பதற்றம் தணிக்கும் மாத்திரை என நாம் விழுங்குபவற்றில் பெரும்பாலானவை இவற்றின் வேலையைக் கூட்டியோ குறைத்தோதான் பலன் தருகின்றன. மனிதரிடம் வருமுன் எலியிடம் சோதிக்கப்படுகின்றன. எந்த எலியிடம்? தமிழ் இலக்கணத்தில் எலி அஃறிணை. 'வந்தது' என்றால் முடிந்தது, ஆணா பெண்ணா என்று வினைமுற்று கேட்பதில்லை. ஆய்வுக்கூட எலியோ பெரும்பாலும் ஆண்பால். 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளை அன்னலீஸ் பீரியும் இர்விங் சூக்கரும் எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில் பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று என்றால், ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை ஐந்தரை.

சொல்லப்பட்ட காரணம், பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழற்சி வருகிறது, அது அளவீடுகளைக் கலைத்துவிடும் என்பது. ஆண் உடல் தெளிவான குரல், பெண் உடல் இரைச்சல். இந்த நம்பிக்கையைப் பல பத்தாண்டுகள் யாரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. 2014இல் பிரெண்டர்காஸ்ட், ஒனிஷி, சூக்கர் மூவரும் 293 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுழற்சியின் நாளைக் கணக்கில் எடுக்காமலே சோதிக்கப்பட்ட பெண் எலிகள் ஆண் எலிகளைவிட அதிகமாக மாறுபடவில்லை என்று தெரிந்தது. ஒரே கூண்டில் அடைத்த ஆண் எலிகள் யார் பெரியவன் என்று சண்டையிடும், வென்றதற்கும் தோற்றதற்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவே வேறாகும். அதை யாரும் இரைச்சல் என்று சொல்லவில்லை.

மனிதப் பெண்ணின் கதையும் அதேதான். தாலிடோமைட் கொடுமைக்குப் பிறகு, 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கியது. கருத்தடை செய்துகொள்பவள், தனியாக வாழ்பவள், கணவன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் எல்லோரும் இதில் அடக்கம். அவள் பேச்சை நம்ப வேண்டாம், கருப்பையைக் காப்பாற்றினால் போதும் என்பதே இதன் பொருள். 1993இல்தான் அது திருத்தப்பட்டது. எலிகளுக்கு இன்னும் தாமதம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதியில் நடக்கும் விலங்கு ஆய்வுகளிலும் பாலினத்தைக் கணக்கில் கொள்ளச் சொன்னது 2016இல்.

விலக்கினார்களே, விற்கும்போதாவது விலக்கினார்களா? அங்கேதான் என் கோபம்.

காபாவின் வேலையைக் கூட்டும் டயசிபாம், 'வேலியம்' என்ற பெயரில் 1963இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. சமையலறையில் சலித்துப்போன இல்லத்தரசியை அடக்கி வைக்கும் மாத்திரையாகவே அது பெயர் வாங்கியது. விழுங்கியவர்களில் பெண்களே அதிகம். செரடோனின் மாத்திரையான புரோசாக்கின் காப்புரிமை முடியும் காலம் நெருங்கியபோது, அதே மருந்து 2000இல் 'சாராஃபெம்' என்று புதுப் பெயரில், மாதவிடாய்க்கு முந்தைய மனத்துயருக்கென்று அங்கீகாரம் பெற்றது. மாறியது பெயரும் நிறமும்தான், இப்போது குப்பி இளஞ்சிவப்பும் ஊதாவும். (கம்பெனியின் பெயர் எலி லில்லி. நான் வைத்த பெயரல்ல.) அந்தத் துயர் பொய் என்று நான் சொல்லவில்லை, அனுபவிப்பவளுக்குத் தெரியும். கூடத்தில் எந்தச் சுழற்சி வேண்டாத இரைச்சலோ, கடையில் அதுவே சரக்கு என்பதைத்தான் சொல்கிறேன். 2015இல் பெண்களின் காம விருப்பக் குறைவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஃபிளிபன்செரின் இன்னும் மோசம். மதுவோடு சேர்ந்தால் என்னாகும் என்று பார்த்த ஆய்வில் பங்கேற்ற 25 பேரில் பெண்கள் இருவர்!

விலை கொடுத்தது யார் என்பதற்குச் சோல்பிடெம் போதும். 1992இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட தூக்க மாத்திரை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 10 மில்லிகிராம். 2013இல்தான் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கச் சொன்னார்கள். பெண்ணுடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது. மாத்திரை போட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து சுமார் 15 விழுக்காட்டுப் பெண்களின் இரத்தத்தில் இருந்தது, ஆண்களில் சுமார் 3 விழுக்காடு. இருபது ஆண்டுகள் எத்தனை பெண்கள் காலையில் அந்தக் கிறக்கத்தோடு காரை எடுத்தார்கள், 'என்னவோ எனக்கு முடியலை' என்று தம்மையே நொந்துகொண்டார்கள்?

தெரிந்தும் கிடப்பில் கிடந்த அறிவும் உண்டு. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலே செய்துகொள்ளும் அல்லோபிரெக்னனலோன் போன்ற பொருள்கள் காபா ஏற்பியில் வேலை செய்கின்றன என்பது 1986இலேயே வெளியான செய்தி. பிள்ளைப்பேற்றுக்குப் பின் அதன் அளவு சடாரென விழுகிறது. அந்தப் பொருளையே மருந்தாக்கி, பேறுகாலத்துக்குப் பின்வரும் மனச்சோர்வுக்கென்று அனுமதித்தது 2019இல். முப்பத்துமூன்று ஆண்டுகள்! அதுவரை பிள்ளை பெற்றவள் அழுதால், 'எல்லாருக்கும் வர்றதுதானே' என்பதே மருந்து. வந்த மருந்தும் மருத்துவமனையில் 60 மணி நேரம் நரம்பில் ஏற்ற வேண்டியதாக இருந்தது, விலை முப்பதாயிரம் டாலருக்கு மேல் இருந்தது.

இதை ஒரு கருத்தரங்கில் பேசியபோது ஓர் உயிரியல் பேராசிரியர், "அப்போ பெண் மூளை வேறன்னு நீங்களே ஒத்துக்கறீங்களாம்மா?" என்று சிரித்தார். தமிழ் வாத்திச்சியை மடக்கிவிட்ட சிரிப்பு. ஒத்துக்கொள்ளவில்லை, ஐயா. 2015இல் டாப்னா ஜோயலும் குழுவினரும் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்து, பெரும்பாலானவை ஆணுக்குரியது பெண்ணுக்குரியது என்று சொல்லப்படும் கூறுகளின் கலவைதான் என்றார்கள். ஈஸ்ட்ரோஜனுக்கும் டோபமைனுக்கும் உறவு இருப்பதாலேயே ஒருத்திக்குக் கணக்கு வராது, கோபம் வரும் என்று ஆகிவிடாது. நான் கேட்பது தனி மூளை அல்ல. பெண்கள் விழுங்கப்போகும் மருந்தைப் பெண்ணுடலிலும் பார்த்துவிட்டுக் கொடு என்பதுதான். இதற்குப் பெண்ணியம்கூட வேண்டாம், கடைக்காரனின் நாணயம் போதும்.

நம் ஊர் மருந்தியல் கல்லூரிகளில் விஸ்டார் எலிகளோடும் ஸ்விஸ் ஆல்பினோ சுண்டெலிகளோடும் திட்ட ஆய்வு செய்யும் மாணவிகள் இதைப் படிப்பீர்கள். மேற்கோள் காட்டப்போகும் கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் திருப்புங்கள். எலியின் எடை, கூண்டின் வெப்பநிலை, தீனி எல்லாம் இருக்கும். பால் எழுதியிருக்கிறதா? 'ஆண்' என்றிருந்தால், தலைப்பிலும் முடிவிலும் 'ஆண் எலிகளில்' என்று இருக்கிறதா? உங்கள் வழிகாட்டி பெண் எலி வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். சுழற்சி, அளவீடு கலையும் என்பார். 2014ஆம் ஆண்டுக் கட்டுரையை அச்செடுத்து அவர் மேசைமேல் வையுங்கள்.