தேரையும் நீர்க்கட்டியும்

அரசன் ஒருவனுக்கு ஆற்றொணாத் தலைவலி. அவன் உறங்கிய வேளையில் மூக்கின் வழியே புகுந்த தேரையொன்று மூளைமேற் குடியேறியிருந்ததாம். அகத்தியர் கபாலத்தைத் திறந்து தேரையைக் கண்டார். பிடுங்கினால் மூளைக்கு ஊறு நேருமே என்று தயங்கினார். அருகில் நின்ற மாணாக்கன் ஒரு பாத்திரத்தில் நீர் கொணர்ந்து சலசலக்கச் செய்தான். ஓசை கேட்ட தேரை நீரிற் பாய்ந்தது. அம்மாணாக்கனே பின்னர் தேரையர் எனப் பெயர் பெற்ற சித்தர் என்பர். கதை மெய்யோ பொய்யோ, தலைக்குள் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்னும் அச்சம் மனிதருக்குப் புதிதன்று என்பது தெளிவு.

இன்று அத்தேரையின் இடத்தை நீர்க்கட்டி பிடித்திருக்கிறது.

வலிகாமத்தில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றுண்டு. உயர்தர வகுப்பிற் படிக்கும் மகன் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தான். காயம் சிறிது, ஆயினும் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவில்லை. மூளையின் ஓரத்தில் நீர்க்கட்டி ஒன்று இருப்பதாக மட்டும் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. பிறவியிலேயே வந்ததாயிருக்கலாம், அஞ்ச வேண்டாம் என்றார் வைத்தியர். இரண்டு கிழமை கழியுமுன் பையனுக்கு முன்பில்லாத தலைவலி தொடங்கிற்று. "கட்டி வளருதோ அம்மா?" என்று அவன் கேட்பான், தாயார் விடை சொல்லார். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். செய்தி வெளியிற் போகக் கூடாது. காலையும் மாலையும் பனடோல் குளிசை கொடுத்தார். இவ்வாறு நாலு மாதம் சென்றது. புத்தகங்கள் மூடியபடியே கிடந்தன.

தாயாரை நாம் குறைகூற மாட்டோம். பெண்ணைப் பெற்றவர் படும் பாட்டை இவ்வூர் நன்கறியும். ஆனால், அஞ்ச வேண்டாம் என்று வைத்தியர் கூறியது அன்று கண்ட படத்தைப் பற்றியே. பின்னர் வந்த தலைவலி புதிய செய்தி. அவர் அறியாத செய்தி. அதை அவரிடம் சொல்லாமல் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதுதான் ஆபத்து.

மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் தெளிந்த நீர் ஒன்று ஓடுகின்றது. மாணவர்கள் மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று படிப்பது இதனையே. வளர்ந்தவரிடம் ஒரு நேரத்தில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கும்; நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாக ஊறும், பழையது வடியும். மூளையைப் போர்த்தியுள்ள சிலந்திவலை போன்ற சவ்வின் மடிப்பிலே இந்நீர் தேங்கிப் பையானால் அதுவே ஒருவகை நீர்க்கட்டி. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இது இருப்பதாகப் படங்கள் காட்டுகின்றன. பெரும்பாலோர்க்கு அது ஆயுள் முழுவதும் ஒரு தீங்கும் செய்வதில்லை. நாடாப்புழுவின் முட்டையால் உண்டாகும் கட்டி வேறு. அதற்கு மருத்துவமும் வேறு. மூன்றாம் அறையின் வாயிலிலே கூழ் நிறைந்து நிற்கும் கட்டி இன்னொன்று. அது சிறிதாயினும் நீரின் வழியைத் திடீரென அடைத்து உயிருக்கே உலை வைக்கும். ஆகவே கட்டி உண்டா என்பதிலும், எவ்வகை, எவ்விடம் என்பதே பெரிய வினா. வைத்தியரிடம் இதனைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவோர் நம்மில் எத்தனை பேர்?

முற்காலத்தில் இத்தகைய கட்டி பலரிடம் அறியப்படாமலே போயிற்று. 1971 ஒக்ரோபர் 1ஆந் திகதி இலண்டன் விம்பிள்டனிலுள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சீ.ற்றி. கருவியாற் படமாக்கப்பட்டது. அப்பெண்மணியின் மூளையிற் கண்டதும் ஒரு கட்டியே. சத்திரசிகிச்சை அதனை உறுதிசெய்தது. கருவியை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்டு 1979இல் கோர்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் படம் பிடித்தது நோயுற்ற ஒருவரை. இன்றோ விழுந்தெழும்பிய பிள்ளையையும் படம் பிடிக்கிறோம்; தேடாததும் கண்ணிற் படுகிறது.

நம் பையனின் கதைக்கு வருவோம். ஈற்றில் மாமன்காரர் ஒருவர் வற்புறுத்தி அவனை மீண்டும் வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். அடிபட்ட தலையில் இத்தகைய கட்டி இருந்தால் அதனருகே இரத்தம் மெல்லக் கசிவதுண்டு என்று கூறி, அவர் உடனே மறுபடம் எடுப்பித்தார். கசிவில்லை, கட்டியும் வளரவில்லை. மாதத்திற் பாதி நாளுக்கு மேலாக, மூன்று மாதத்துக்கு மேலும் தொடர்ந்து நோமருந்து விழுங்கினால் அம்மருந்தே தலைவலியை வளர்க்கும் என்பதை அன்றுதான் வீட்டார் அறிந்தனர். குளிசையை நிறுத்தியதும் வலி சில நாள் கூடிப் பின்பு தணிந்தது. கசிவு இருந்திருப்பின் அந்த நாலு மாதம் என்னவாயிருக்கும்!

இடிபோலத் திடீரென வரும் வலி, விடியற்காலையில் வாந்தியோடு எழுப்பும் வலி, இருமினாலோ குனிந்தாலோ மிகும் வலி, பார்வை இரட்டையாதல், வலிப்பு, ஒருபக்கம் சோர்தல், ஓயாத தூக்கக் கலக்கம், இவற்றுள் ஒன்று கண்டாலும் நாள் நட்சத்திரம் பாராது வைத்தியசாலைக்குச் செல்க. ஏனைய வலிகளுக்கு ஒரு கொப்பி போதும்: எந்நாள், எந்நேரம், எவ்வளவு நேரம், என்ன குளிசை. வைத்தியருக்கு நம் அழுகையிலும் அக்கொப்பி பயன்படும்.

இன்னொன்று. முதலெடுத்த படத்தை எறிந்துவிடாதீர்கள். கட்டி வளர்ந்ததா என்று அறியப் புதிய படத்தை அதனோடுதான் ஒப்பிட வேண்டும். காணி உறுதிகள் இருக்கும் பெட்டகத்தில் அதற்கும் ஓரிடம் கொடுங்கள்.