பிந்தி வரும் பணத்துக்கு வட்டி யார் தருவது?

கரண்ட் பில்லைக் கெடு தாண்டிக் கட்டினால் அபராதம். வருமான வரி பாக்கி வைத்தால் வட்டி. அரசாங்கத்துக்கு வரவேண்டிய காசு பிந்தினால் உடனே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். சரி, அரசாங்கம் தரவேண்டிய காசு பிந்தினால்?

கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா என்று ஒரு திட்டம். பள்ளியை விட்டு நின்றுபோன பெண் பிள்ளைகளுக்காக 2004-ல் வந்த உண்டு உறைவிடப் பள்ளிகள். தமிழ்நாட்டில் இவற்றில் பலவற்றைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்தி வந்திருக்கின்றன. பணம் சமக்ர சிக்‌ஷா வழியாக வரும். மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம்.

2024-25-ல் அந்த 60 நின்றுபோனது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பது காரணம். யார் பக்கம் நியாயம் என்பது தனிச் சண்டை. ஆனால் டெல்லிக்கும் சென்னைக்கும் சண்டை என்றால் விடுதிப் பிள்ளைக்கு ராத்திரி பசிக்காதா?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். கம்மாபுரம் மாதிரி ஓர் ஒன்றியத்தில் 50 பிள்ளைகள் தங்கும் விடுதி. ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு 60 ரூபாய். மாதம் 90,000. பணம் ஐந்து மாதம் வரவில்லை என்றால் 4,50,000 ரூபாய். மளிகைக் கடைக்காரர் எத்தனை மாதம் பொறுப்பார்? ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் 9,000 வட்டிக்கே போகும். அது யார் தலையில்?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 230-ஐப் பாருங்கள். மானியப் பணம் வங்கியில் கிடந்து வட்டி சம்பாதித்தால் அதை அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்டிவிட வேண்டும். மானியம் பிந்தினால் அரசாங்கம் வட்டி தரும் என்று மட்டும் அதில் இல்லை. வரும் வட்டி அவர்களுக்கு, போகும் வட்டி தொண்டு நிறுவனத்துக்கு!

சிறு தொழில்களுக்கு 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. அரசு அலுவலகத்துக்கு நாற்காலி செய்து தரும் சிறு தொழிலுக்கு உள்ள பாதுகாப்பு, பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவருக்கு இல்லை. கேட்டால் இது மானியம், விலை அல்ல என்பார்கள்.

போலி நிறுவனங்களும் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. கணக்குத் தராதவரின் பணத்தைத் தாராளமாக நிறுத்துங்கள். ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தவர் என்ன பாவம் செய்தார்?

2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனபோது வராத 2,151.59 கோடியை மட்டும் கேட்கவில்லை. அதற்கு 6 சதவீத வட்டியும் கேட்டது. மிகச் சரியான கோரிக்கை. பணம் பிந்தினால் நஷ்டம் என்று ஒரு மாநில அரசுக்கே தெரிகிறது. அதே நியாயம் கடைசிப் படியில் நிற்கும் விடுதிக்கும் வரவேண்டும். கணக்குக் கொடுத்த 45-வது நாளுக்குள் பணம். தாண்டினால் வட்டி. மத்திய அரசானாலும் சரி, மாநில அரசானாலும் சரி!