மொத்தம் அல்ல, நிகரமே முக்கியம்

2021-இல் டாலர் தட்டுப்பாட்டில் தவித்த இலங்கைக்கு வங்கதேசம் 20 கோடி டாலர் கொடுத்து உதவியது. அந்த ஆகஸ்டில் வங்கதேசத்தின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 4,800 கோடி டாலர். இலங்கையிலோ 2019 இறுதியில் இருந்த சுமார் 760 கோடி டாலர் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

கையிருப்பில் மத்திய வங்கியின் வெளிக்கடன்களைக் கழித்தால் மிஞ்சுவதே அதன் நிகர வெளிநாட்டுச் சொத்து. இலங்கையில் அது 2021 முடிவதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. சீனாவுடனான நாணயப் பரிமாற்றத்தில் கிடைத்த 1,000 கோடி யுவான் ஏட்டில் இருந்தது. எடுத்துச் செலவழிக்க வழியில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை அரசு நிறுத்திவைத்தது. எரிபொருளுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

கடன் கொடுத்த வங்கதேசமும் தப்பவில்லை. ஏற்றுமதியாளர்களுக்குக் கடனாகத் தந்த டாலரையும் அது கையிருப்பிலேயே காட்டிவந்தது. 2023 ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்தின் முறைப்படி கணக்கிட்டபோது 600 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. வங்கதேசத்திடம் முன்பு வாங்கிய கடனை இலங்கை அதே ஆண்டில் அடைத்தது. வங்கதேசமோ நிதியத்திடம் 470 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றது.

கடன் வாங்கியும் கையிருப்பைப் பெருக்கிக் காட்டலாம். ஆகவே, உடனே செலவிடக்கூடிய தொகையையும் நிகரச் சொத்தையும் மத்திய வங்கிகள் மாதந்தோறும் தனித்தனியே வெளியிடுவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும்.